பனைமரத்துக்குக் கிளை எங்கே? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் ஜிம்பாப்வேயில் எய்ட்ஸ் நோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்காக உருவான ‘வாழ்க்கை மரம்’ என்ற, மரம் வரைந்து வாழ்க்கையைப் பேசும் பயிற்சி பற்றி எழுதியிருந்தேன். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தொடங்கிய நேரேட்டிவ் தெரபி என்ற கதைவழி மனநல ஆலோசனை முறை, ஆப்பிரிக்காவில் வேர் பிடித்தபோது எப்படி வேறு உருவம் எடுத்தது என்பதுதான் அந்தக் கட்டுரை. அதையொட்டி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லார் பெயரையும் விட்டுவிட்டு ஊரை மட்டும் போடுகிறேன். பள்ளிப் பிள்ளைகளோடும் விடுதிப் பிள்ளைகளோடும் வேலை பார்க்கும் ஆலோசகர் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாக்காரர் கண்டுபிடித்ததை ஆப்பிரிக்காவில் கொண்டுபோய் இறக்கினார்கள், அவர்களும் வாங்கிக்கொண்டார்கள். இதுதானே நடந்தது? இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நாகர்கோவில்

நடந்தது அப்படியில்லை ஐயா. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மைக்கேல் வைட் அடிலெய்டு நகரில் சமூகப் பணியாளராக இருந்தவர். டேவிட் எப்ஸ்டன் கனடாவில் பிறந்து நியூசிலாந்தின் ஆக்லாந்தில் குடியேறிய குடும்ப ஆலோசகர். 1980-களில் இரண்டு பேரும் சேர்ந்து வளர்த்ததுதான் இந்த முறை. 1983-ல் அடிலெய்டில் இந்த முறைக்கான மையமாக டல்விச் சென்டர் தொடங்கியது. 1990-ல் இருவரும் சேர்ந்து எழுதிய புத்தகம் வந்த பிறகு பல நாடுகளிலிருந்து ஆட்கள் கற்றுக்கொள்ளப் போனார்கள். இதுவரைக்கும் நீங்கள் சொல்கிற மாதிரிதான்.

ஜிம்பாப்வேயின் நிலைமையைப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டு வாக்கில் அங்கே பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று. அப்பா, அம்மா, சித்தி என்று வரிசையாகச் சாவு விழுந்த வீடுகளில் பாட்டியும் பேரப்பிள்ளைகளும்தான் மிச்சம். புலவாயோ நகருக்கு அருகில் மசீயே முகாம் என்று ஒன்று உண்டு. இப்படிப்பட்ட பிள்ளைகளை அழைத்து வந்து சில நாள் தங்கவைத்து, விளையாடவைத்து, பேசவைக்கும் இடம். பேச்சு அம்மா அப்பாவைப் பற்றி வந்ததும் பிள்ளைகள் உடைந்து அழுதார்கள். கூட இருந்த இளம் ஊழியர்களுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. அழுகையைத் திறந்துவிட்டாகிவிட்டது, மூட வழியில்லை. ஊழியர்களிலும் பலர் அதே நோயில் சொந்தக்காரர்களைப் பறிகொடுத்தவர்கள்.

இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தவர் நசெலோ நியூபே. அந்த நாட்டைச் சேர்ந்த உளவியலாளர். தென்னாப்பிரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட ரெப்சி என்ற அமைப்பில் அப்போது வேலை பார்த்தார். மரம் வரைந்து வாழ்க்கையைப் பேசும் பழக்கம் அந்த வட்டாரத்துப் பயிற்சிகளில் முன்பே இருந்தது. டல்விச் சென்டரைச் சேர்ந்த டேவிட் டென்பரோவும் அவரும் உட்கார்ந்து, கதைவழி ஆலோசனையின் அடிப்படைகளைக் கொண்டு அந்த மரத்தைத் திருத்தி அமைத்தார்கள். 2006-ல் நியூபே அதைக் கட்டுரையாக எழுதினார்.

அவர்கள் செய்த முக்கியமான காரியம் வரிசையை மாற்றியது. முதலில் பிள்ளை தன் மரத்தை வரையும். வேரில் எந்த ஊர், எந்தக் குடும்பம், யார் கற்றுக்கொடுத்த பாட்டு. தரையில் இப்போது எங்கே இருக்கிறேன், அன்றாடம் என்ன செய்கிறேன். தண்டில் எனக்குக் கைவந்த திறமைகள். கிளையில் ஆசைகள். இலையில் எனக்கு வேண்டிய மனிதர்கள்; இறந்தவர்களும் அதில் உண்டு. பழத்தில் மற்றவர்கள் எனக்குக் கொடுத்தவை. கொடுத்தவை என்றால் பொருள் மட்டும் கிடையாது, யாரோ காட்டிய அன்பும் சேர்த்திதான். இரண்டாவது, எல்லா மரங்களையும் சுவரில் ஒட்டிக் காடாக்குவார்கள். ஒருவர் மரத்தில் மற்றவர்கள் நல்லதாக ஒரு வார்த்தை எழுதுவார்கள். மூன்றாவதாகத்தான் புயல். அதுவும் “உனக்கு என்ன நடந்தது?” என்று யாரையும் தனியாகக் கேட்பதில்லை. காட்டுக்கு என்ன ஆபத்தெல்லாம் வரும்? பிள்ளைகளுக்கு வருவது? அது பிள்ளைகளின் குற்றமா? புயல் அடிக்கும்போது விலங்குகள் என்ன செய்யும்? நீங்கள் என்ன செய்வீர்கள்? புயல் எந்நேரமும் அடித்துக்கொண்டே இருக்குமா? இப்படிப் பொதுவாகத்தான் பேச்சு போகும். கடைசியாக, வளர்ப்பவர்களை அழைத்து அவர்கள் முன்னால் சான்றிதழும் பாட்டும்.

இந்த முறையைக் கற்றுக்கொடுப்பவர்கள் ஆற்றங்கரை என்று ஓர் உவமை சொல்வார்கள். வெள்ளத்தில் போய்க்கொண்டிருப்பவரிடம் தண்ணீரின் வேகத்தைப் பற்றி விசாரிக்கக் கூடாது. முதலில் கரையில் நிற்க ஓர் இடம் வேண்டும். மரமும் காடும் அந்தக் கரை. இதை நூலில் படித்துவிட்டு யாரும் செய்யவில்லை. அழுகிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவித்தவர்கள் செய்தார்கள்.

அப்புறம் நடந்ததையும் கேளுங்கள். அந்த மரம் திரும்பிப் பயணம் போனது. லண்டனில் அகதிக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் இன்று வாழ்க்கை மரம் வரைகிறார்கள். டைப் 1 சர்க்கரை நோயுள்ள இளையோருக்காக லண்டன் மருத்துவமனை ஒன்றில் அதையே பயன்படுத்தி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். எய்ட்ஸ் அனாதைகளுக்காக ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் செய்தது, ஐரோப்பிய மருத்துவர்களுக்குப் பாடமாகியிருக்கிறது. எனக்கு இதில் பெருமையாகத்தான் இருக்கிறது ஐயா. நான் ஜிம்பாப்வேக்காரி இல்லை, இருந்தாலும்.

எங்கள் விடுதியில் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளும் பனைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் தங்கிப் படிக்கிறார்கள். அப்பா அம்மா இல்லாதவர்களும் உண்டு. வாழ்க்கை மரத்தை நாங்களே செய்யலாமா?
– விடுதிக் காப்பாளர், ராமநாதபுரம் மாவட்டம்

செய்யலாம். உங்கள் மாவட்டத்துப் பையன் ஒருவன் எனக்குக் கற்றுக்கொடுத்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேறொரு விடுதியில் பிள்ளைகளுக்குச் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்து மரம் வரையச் சொல்லியிருந்தேன். பெரும்பாலும் மாமரம், வேப்பமரம். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் தாளைக் குத்துவாட்டில் திருப்பி வைத்து, ஒற்றைப் பனையை வரைந்துவிட்டு உட்கார்ந்திருந்தான். “டீச்சர், இதுக்குக் கிளையே கிடையாது. ஆசையெல்லாம் எங்க எழுதுறது?” என்றான். “நீயே சொல்லேன்” என்றேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்தான். குருத்தோலையில் எழுதுகிறேன் என்றான். இன்னும் விரியாதது அதுதானாம். பனை உடம்பில் மட்டை விழுந்த தழும்பு வரிவரியாக இருக்கும் அல்லவா, அதில் வரிக்கு ஒன்றாகத் தான் கற்றுக்கொண்டதை எழுதினான். நீச்சல். தூண்டில் கட்டுவது. தங்கச்சிக்குத் தலை பின்னுவது. நுங்குக் குலையில் மற்றவர்கள் தனக்குக் கொடுத்தவை. ஓலைகளில் ஆட்களின் பெயர். இறந்துபோன தாத்தாவைக் காவோலையில் எழுதியிருந்தான். பக்கத்தில் இருந்த பையன் “காஞ்சு போனதுலயா எழுதுவ?” என்று கேட்டதற்கு, “காவோலைதான்டா வேலி அடைக்க ஆகும்” என்று பதில் வந்தது.

அந்தத் தாத்தா பனையேறி. கூடவே போய்ப் பாளை சீவுவதைப் பார்த்திருக்கிறான். தாத்தா இறந்ததைப் பற்றி நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தாத்தா வேலி கட்டுவதைப் பற்றித்தான் கேட்டேன். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை பேசினான்.

எனவே, நியூபே வரைந்த மாதிரியே வரைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மரமே வேண்டும் என்றுகூட இல்லை. உகாண்டாவில் போரில் இழுத்துவிடப்பட்ட சிறுவர்களுக்காகக் கால்பந்து அணியை வைத்து இதே போல ஒன்றை அமைத்தார்கள். கோல்கீப்பர் யார், அதாவது உன் கனவுகளைக் காவல் காப்பவர் யார், பயிற்சியாளர் யார், நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஏற்கெனவே போட்ட கோல் எது என்று போகும். உங்கள் கடற்கரைப் பிள்ளைகள் வள்ளத்தையும் வலையையும் வரைந்தால் வரையட்டும்.

மாற்றக் கூடாதது வரிசை. பிள்ளைக்கு நிற்க இடம் கிடைக்கும் முன்னால் புயலுக்குப் போகாதீர்கள். நேரம் போதாவிட்டால் புயல் பகுதியை விட்டுவிடுங்கள், ஒன்றும் குறையாது. சுவரில் ஒட்ட விரும்பாத பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். வரைந்த தாள் பிள்ளைக்குச் சொந்தம். அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போடுவது, நன்கொடையாளருக்கு அனுப்புவது கூடவே கூடாது. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். நடக்கிறது என்பதால் கேட்கிறேன்.

யாராவது ஒரு பிள்ளை அடி உதை பற்றியோ பாலியல் தொல்லை பற்றியோ சொல்லிவிட்டால் அங்கே மரம் முடிந்தது. நம்பிக் கேளுங்கள், துருவ வேண்டாம். உடனே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தகவல் சொல்லுங்கள். பாலியல் குற்றம் என்றால் தெரிவிப்பது போக்சோ சட்டப்படி உங்கள் கடமை.

என் மகனுக்கு எட்டு வயது. இன்னமும் பள்ளிக்கூடத்திலேயே உள்ளாடையில் மலம் போய்விடுகிறது. மாமியார் வீட்டில் ‘நாறப்பய’ என்றே கூப்பிடுகிறார்கள். உங்கள் கதை வைத்தியத்தில் இதற்கு வழி உண்டா?
– வாசகி, திண்டுக்கல்

உண்டம்மா. ஆனால் முதலில் குழந்தை மருத்துவரிடம் போங்கள். இப்படி வரும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அடியில் இருப்பது மலச்சிக்கல். நாள்பட்டு மலம் இறுகி, குடல் விரிந்து, போக வேண்டும் என்ற உணர்வே மழுங்கிவிடும்; இளகியது அதன் ஓரமாக அவனை அறியாமல் கசியும். அவன் வேண்டுமென்று செய்யவில்லை. இதை மாமியாருக்கு மருத்துவர் வாயாலேயே சொல்லவைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

மைக்கேல் வைட் முதன்முதலில் பெயர் வாங்கியதே உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகளால்தான். 1984-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவரிடம் வந்த குடும்பங்களில் பிள்ளைமேல் அம்மாவுக்குக் கோபம், அம்மாமேல் அப்பாவுக்குக் கோபம், பிள்ளைக்குத் தன்மேலேயே அருவருப்பு. அவர் அந்தத் தொல்லையைப் பிள்ளையிடமிருந்து பிரித்து வெளியே உட்காரவைத்தார். அதற்குத் திருட்டுத்தனமான ஓர் ஆளைப் போல ஒரு பட்டப்பெயர். அப்புறம் கேள்விகள்: அது உன்னை எப்போது ஏமாற்றுகிறது? விளையாட்டு மும்முரத்தில் இருக்கும்போதா? அதனால் அம்மாவுக்கும் உனக்கும் நடுவில் என்ன ஆகிறது? நீ அதை ஏமாற்றிய நாள் உண்டா? எப்படி முடிந்தது? எட்டு வயதுப் பிள்ளை இந்தக் கேள்விகளுக்குக் கண் மின்னப் பதில் சொல்லும், நானே பார்த்திருக்கிறேன். ‘பிரச்சினை ஆளில் இல்லை, பிரச்சினைதான் பிரச்சினை’ என்று இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் வாக்கியம் இந்த மாதிரி வேலையிலிருந்துதான் வந்தது.

நீங்கள் வீட்டில் செய்ய வேண்டியது: பையனையே அதற்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லுங்கள். நீங்களும் அவனும் ஒரு கட்சி, அது எதிர்க்கட்சி. மருத்துவர் தரும் மருந்து, தினமும் சாப்பிட்ட பிறகு கழிப்பறையில் சற்று உட்காருவது, தண்ணீர், கீரை எல்லாம் உங்கள் கட்சியின் ஆயுதங்கள். ஒரு வாரம் நன்றாகப் போனால் சான்றிதழ் எழுதிக் கொடுங்கள். எப்ஸ்டனும் வைட்டும் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுப்பதை ஒரு முறையாகவே வைத்திருந்தார்கள். அதில் மாமியாரும் கையெழுத்துப் போடட்டும். ‘நாறப்பய’ என்ற பட்டப்பெயரை மட்டும் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் கணவர் சொன்னால்தான் நிற்கும் என்றால் அவர் சொல்லட்டும்.

2009-க்குப் பிறகு எத்தனையோ பேர் வந்து எங்கட கதையை எழுதிக்கொண்டு போனார்கள். சொல்லச் சொல்ல நோ கூடினதே தவிரக் குறையவில்லை. இப்ப நீங்களும் கதை என்கிறீர்கள். எதற்கு?
– வாசகி, வவுனியா

இந்தக் கடிதத்தை மேசைமேல் பல நாள் வைத்திருந்தேன். நீங்கள் சொல்வது சரி. வாயைத் திறந்து சொன்னால் பாரம் இறங்கிவிடும் என்பது பாதி உண்மைதான். காயத்தைப் பற்றி மட்டும் ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டால், சொல்பவர் திரும்பத் திரும்ப அந்த இடத்துக்கே போய் நிற்க வேண்டியிருக்கிறது. எழுதிக்கொண்டவர் விமானம் ஏறிவிடுவார்.

ருவாண்டாவில் 1994 ஏப்ரலிலிருந்து ஜூலைக்குள், சுமார் 100 நாளில், 8 லட்சம் பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. மதிப்பீடு, பெரும்பாலோர் துட்சி இனத்தவர். உயிர்தப்பியவர்களின் சங்கங்கள் சேர்ந்த அமைப்பு இபுக்கா. அதில் ஆலோசகர்களாக இருந்தவர்களும் உயிர்தப்பியவர்கள்தாம். ஒவ்வொரு ஏப்ரலிலும் நினைவு வாரம் வரும்போது ஊரெங்கும் ஆட்கள் நிலைகுலைந்து விழுவார்கள். அவர்களைத் தாங்க வேண்டிய ஆலோசகர்களுக்கும் அதே நினைவு. இபுக்கா அழைத்துத்தான் டல்விச் சென்டர் குழு அங்கே போனது. போனவர்கள் இனக்கொலையைப் பற்றிக் கேட்டுத் தொடங்கவில்லை. இத்தனைக்குப் பிறகும் உங்களை நடமாடவைப்பது எது, அதை யாரிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள் என்று கேட்டார்கள். பதில்களை அந்த ஆலோசகர்களின் வார்த்தையிலேயே எழுதி, அவர்களிடம் திரும்பப் படித்துக் காட்டி, வேறு நாடுகளில் பேரிழப்பைச் சந்தித்தவர்களுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வந்த மறுமொழிகளை ருவாண்டாவில் வாசித்தார்கள். தாங்கள் சொன்னது இன்னொருவருக்கு உதவியது என்று தெரிவது, சும்மா கேட்டு எழுதிக்கொண்டு போவதிலிருந்து வெகுதூரம். 2008-ல் இதை விரிவாக எழுதி வெளியிட்டார்கள்.

உங்களிடம் யாராவது சாட்சியம் கேட்டால் அதில் இரண்டு பக்கம் இருக்க வேண்டும் என்பது இந்த முறையின் பிடிவாதம். உங்களுக்கு என்ன செய்தார்கள் என்பது ஒரு பக்கம். அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது மறு பக்கம். பங்கருக்குள் பிள்ளையை மடியில் அமத்தி வைத்திருந்தபோது அதன் காதில் என்ன சொல்லிக்கொண்டிருந்தீர்கள்? கிடைத்த கஞ்சியை யாரோடு பங்கிட்டீர்கள்? எதை விட்டுவிட்டு எதைத் தூக்கிக்கொண்டு நடந்தீர்கள்? இரண்டாவது பக்கத்தைக் கேட்காமல் போனவர்கள் உங்களைப் பாதி மனுஷியாக எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

உங்கள் நாட்டுக்கு இந்த முறை புதிதும் அல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, இலங்கையில் மட்டும் 35,000 பேர் வரை இறந்த அந்தப் பேரிடரில், வெளிநாட்டு உளவளத்துணைக் குழுக்கள் வந்து குவிந்தன. மொழி தெரியாமல் சில நாள் இருந்துவிட்டுப் போனவர்களும் அதில் உண்டு. அதே வேளையில் சர்வைவர்ஸ் அசோசியேட்டட் என்ற இலங்கை அமைப்பின் ஊழியர்கள், தாங்கள் சனங்களோடு நின்று செய்ததைத் தாங்களே சொல்ல, 2005-ல் கதைவழி ஆலோசனைக்கான பன்னாட்டு இதழில் அது வெளியானது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். நேரேட்டிவ் எக்ஸ்போஷர் தெரபி என்று வேறொரு முறை இருக்கிறது, ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தார் உருவாக்கியது. தரையில் கயிறு ஒன்றை விரித்து, வாழ்க்கையின் நல்லதுக்குப் பூவும் கெட்டதுக்குக் கல்லுமாக வைத்து, கொடுமையான நிகழ்ச்சியை வரிசையாக, முழுதாகச் சொல்லவைப்பார்கள். சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் 31 பிள்ளைகளிடம் இதையும், தியானமும் தளர்வுப் பயிற்சியும் சேர்ந்த இன்னொன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். 2009-ல் வந்த முடிவுப்படி இரண்டு குழுவுமே ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தேறின. விவரமாகச் சொல்லித்தான் தேற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று நான் அதைப் படிக்கிறேன்.

இன்னொன்று. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் 2017 பிப்ரவரியிலிருந்து காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை வைத்துக்கொண்டு அம்மாமார் கொட்டகை போட்டு உட்கார்ந்ததை அறிவேன். பிள்ளையைத் தேடுவது நோய் இல்லை, அதற்கு மருந்தும் ஆலோசனையும் கொடுத்து அனுப்ப முடியாது. ஆஸ்திரேலியாவில் காவலில் இறந்த 99 பழங்குடியினரின் சாவுகளை 1987 முதல் 1991 வரை அரச விசாரணைக் குழு ஆராய்ந்தது. அந்தக் குடும்பங்களுக்காக 1994-ல் கேம்ப் கூரோங் என்ற இடத்தில் ஒரு சந்திப்பு நடந்தது. மைக்கேல் வைட்டும் அதில் வேலை செய்தார். அவர்கள் துக்கத்தைப் பேசினார்கள், அநீதியையும் அதே மூச்சில் பேசினார்கள். இரண்டையும் பிரித்து, துக்கத்தை மட்டும் என்னிடம் கொடு என்று கேட்கும் ஆலோசகரிடம் நீங்கள் வாய் திறக்கவே வேண்டாம். சொல்லாமல் இருப்பதும் உங்கள் உரிமை.

இரவுகளில் தாங்க முடியாமல் போனால் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது.

இதற்கெல்லாம் அறிவியல் சான்று உண்டா?
– மருத்துவக் கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

உண்டு தம்பி, ஆனால் சி.பி.டி. என்ற அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கு இருக்கும் அளவுக்கு இல்லை. பிரிஸ்பேனில் மனச்சோர்வு நோய் உள்ள 47 பெரியவர்களுக்கு 8 அமர்வு கதைவழி சிகிச்சை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011-ல் வந்தது. கிட்டத்தட்ட நான்கில் மூவரிடம் நம்பத்தகுந்த முன்னேற்றம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் கிடையாது. அது எவ்வளவு பெரிய குறை என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிகிச்சை பெறுகிறவரையே தன் வாழ்க்கையின் நிபுணராக வைக்கும் முறை இது. அதை மதிப்பெண் தாளில் அளக்கத் தயங்கியவர்கள் இந்தத் துறையில் நிறைய. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது, ஏற்கவில்லை. காசு கொடுத்து, நேரம் செலவழித்து, நம்பி வருகிறவருக்குக் கணக்கு காட்டத்தான் வேண்டும். மனச்சிதைவு, இருதுருவ நோய், தற்கொலை எண்ணம் என்றால் மனநல மருத்துவர் முதலில்; மரமும் கதையும் பக்கத்துணை.

ஜிம்பாப்வே பாட்டிகள் பெஞ்சில் உட்கார்ந்து ஆலோசனை சொல்வதாக வீடியோ பார்த்தேன். அதுதானா இது?
– வாசகர், சேலம்

இல்லை. அது ஃப்ரெண்ட்ஷிப் பெஞ்ச். மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-ல் ஹராரேயில் தொடங்கியது. மருத்துவமனை வளாகத்து மர பெஞ்சில், பயிற்சி பெற்ற பாட்டிமார் உட்கார்ந்து, இருக்கும் சிக்கல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் படிப்படியாகத் தீர்க்க உதவுவார்கள். 2016-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வில் நல்ல பலன் நிரூபணமானது. முறை வேறு. ஒரே நாடு, ஒரே துயரம், மருத்துவர்கள் போதாத அதே நிலைமை.

அப்பா இறந்து மூன்று வருடமாகிறது. அம்மா தினமும் காபி போட்டு அப்பா படத்துக்கு முன்னால் வைத்து, வீட்டு விஷயமெல்லாம் சொல்கிறார். மறக்கவைக்க ஆலோசனைக்குக் கூட்டிப் போக வேண்டுமா?
– வாசகர், கும்பகோணம்

உங்கள் அம்மா சமைக்கிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார், பேரப்பிள்ளையைக் கொஞ்சுகிறார் என்றால் எதற்கு மறக்கவைக்க வேண்டும்? இறந்தவரிடம் விடைபெற்றால்தான் துக்கம் ஆறும் என்று நெடுங்காலம் மேற்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1988-ல் மைக்கேல் வைட் அதற்கு மாறாக, அவரிடம் மறுபடியும் வணக்கம் சொல்லவைப்போம் என்று ஒரு கட்டுரை எழுதினார். இறந்தவர் கண்ணால் உங்களைப் பார்த்தால் எதை மெச்சுவார் என்று கேட்பது அவர் வழக்கம். திதி கொடுக்கிற, படையல் போடுகிற வீட்டுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, “அப்பா இன்னைக்கு என்ன சொல்லியிருப்பார்?” என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். அவர் படுக்கையை விட்டு எழுவதில்லை, சாப்பாடு இறங்குவதில்லை, தானும் போய்விட வேண்டும் என்கிறார் என்றால் அது வேறு; உடனே மருத்துவரிடம் காட்டுங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள். தமிழில் பேசலாம்.

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிக்கிறேன். இதை எங்கே கற்றுக்கொள்ளலாம்? இந்தியாவில் யாராவது செய்கிறார்களா?
– மாணவி, திருச்சி

மும்பையில் உம்மீத் என்ற குழந்தை வளர்ச்சி மையம் இருக்கிறது. 2001-ல் தொடங்கியது. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளோடும் அவர்கள் குடும்பங்களோடும் கதைவழி முறையில் வேலை செய்கிறார்கள், வெளியாட்களுக்குப் பயிற்சியும் தருகிறார்கள். டல்விச் சென்டர் இணையத்தில் இலவச அறிமுகப் பாடம் வைத்திருக்கிறது. முதலில் அதைப் படி. அவர்களும் மெல்பர்ன் பல்கலைக்கழகமும் சேர்ந்து முதுகலைப் பட்டப்படிப்பும் நடத்துகிறார்கள், செலவு அதிகம். களப்பணிக்கு இப்போது எந்த நிறுவனத்துக்குப் போகிறாயோ அங்கேயே தொடங்கம்மா. வழக்குக் குறிப்பு எழுதும்போது ‘குடிநோயாளியின் மகள், படிப்பில் மந்தம்’ என்று எழுதும் இடத்தில், அந்தப் பெண் குடிகார அப்பா வரும் நேரம் தம்பியை எங்கே கொண்டுபோய்ப் படுக்கவைக்கிறாள் என்பதையும் கேட்டு எழுது. எழுதியதை அவளிடம் படித்துக் காட்டி, சரியா என்று கேள். உன் மேற்பார்வையாளர் ஏன் என்று கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டு.